மே 18: சோத்து உருண்டையும் கஞ்சியும் – ஒரு கொரிய நாடகத்தைப் பற்றிக் கதைப்பம்

வேப்பம்பூ | கோண்டாவில் | இழையைத் தொடங்கியவர்

நைற் டியூட்டி முடிஞ்சு வீட்டை வந்தால் எனக்கு உடன நித்திரை வராது. போனிலை கொரிய நாடகம் பாக்கிறது பழக்கமாப் போச்சு. கண் பழுதாப் போகப்போகுது எண்டு அம்மா பேசிப்போட்டுத் தானும் பக்கத்தில வந்து இருப்பா.

போன கிழமை ‘யூத் ஒஃப் மே’ பாத்து முடிச்சனான். கேபிஎஸ் 2021இல போட்ட தொடர், 12 அத்தியாயந்தான். 1980 வைகாசி, குவாங்ஜூ எண்ட நகரம், ஒரு நேர்ஸ் பெட்டை, ஒரு மெடிக்கல் ஸ்ருடன்ற் பெடியன். நேர்ஸ் எண்டதுக்காகத்தான் தொடங்கினனான், பொய் சொல்லக்கூடாது.

முதல் அத்தியாயத்திலையே, இந்தக் காலத்தில, ஒரு கட்டட வேலைக்கு மண் கிண்ட மனிச எலும்பு வருது. போனைக் கவிட்டு வைச்சிட்டுப் போய்த் தண்ணி குடிச்சனான். எங்கட யாழ்ப்பாணத்துச் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில 2025 மாசியில கட்டட வேலைக்கு வெட்டேக்கை வந்ததும் இப்பிடித்தானே. அதுக்குப் பிறகு அங்க இருநூறுக்கு மேல எலும்புக்கூடுகளைக் கண்டிட்டினம். நீலநிறப் பள்ளிக்கூட பாக், பொம்மை எல்லாம் பேப்பரில பாத்தனாங்கள். அம்மா என்னைப் பாத்தா. நான் அம்மாவைப் பாத்தன். ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை, நாடகத்தைத் திரும்பப் போட்டனாங்கள்.

தெரியாத ஆக்களுக்கு: 1979 ஐப்பசியில தென்கொரிய ஜனாதிபதி பார்க் சுங்-ஹீயை அவற்ற புலனாய்வுத் தலைவரே சுட்டார். மார்கழியில சுன் டு-ஹ்வான் எண்ட ஜெனரல் இராணுவத்தைக் கையில எடுத்தார். 1980 மே 17 இரவு நாடு முழுக்க இராணுவச் சட்டம். விடிஞ்சால் குவாங்ஜூவில பல்கலைக்கழக வாசலில நிண்ட பெடியளைப் பரசூட் படை அடிக்கத் தொடங்கிச்சுது. ஊரே எழும்பினது. ஆமி பின்வாங்கி, 27ஆம் திகதி விடியமுன்னம் திரும்ப வந்து எல்லாத்தையும் முடிச்சது.

தொடங்கின நாள் மே 18. திகதியைத் திரும்ப ஒருக்கா வாசியுங்கோ.

எங்கட கதையை இப்பிடி ஒரு நாடகமா எடுக்கலாமோ? எடுத்தால் ஆர் பாப்பினம்?


கரவெட்டியான்

காதல் கதைக்குள்ள பிணத்தை வைச்சு விக்கிறது கொரியன்காரன்ர யாவாரம். அதைப் பாத்துக் கண்ணீர் விட்டிட்டு இஞ்ச வந்து ‘எங்கட கதை’ எண்டு தொடங்காதேங்கோ தங்கச்சி. எங்கட கதை இன்னும் முடியேல்லை. முடியாததை எப்பிடி நாடகம் போடுறது?


சந்திச் சிவம் | சுன்னாகம்

பிள்ளை, எனக்கும் கொரியாவுக்கும் உள்ள ஒரே சம்பந்தம், 2012இல ரூபவாஹினியில ‘சுஜாதா தியணி’ எண்டு சிங்களத்தில ஓடின தொடரை மனிசி ஒரு சொல் விளங்காமல் முழுசாப் பாத்து முடிச்சதுதான். ஆனால் நீங்கள் எழுதினதைப் பாத்திட்டுப் பேரப்பெடியனைக் கொண்டு தேடி வாசிச்சனான். ஒரு விசயம் மனசில நிண்டிட்டுது. குவாங்ஜூவில சனம் செத்துக்கொண்டிருக்கேக்கை ரிவியில அதைப்பற்றி உண்மையா ஒரு சொல் இல்லை. 20ஆம் திகதி இரவு சனம் போய் எம்பிசி நிலையத்தைக் கொளுத்திப் போட்டுது.

எங்களுக்குக் கொளுத்திறதுக்கு ரிவியும் இல்லை, பாக்கிறதுக்குக் கரண்டும் இல்லை. 90க்குப் பிறகு பற்றரி யாழ்ப்பாணத்துக்குள்ள வர விடேல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, மூத்தவன் பெடலைச் சுத்த, டைனமோவில றேடியோ பாடும். இரவு ஒன்பதே காலுக்குப் பிபிசி தமிழோசை. அவனுக்குக் கை உளைஞ்சு வேகம் குறைய, சத்தமும் அமுங்கிப் போகும். ‘சுத்தடா, எங்க விழுந்தது எண்டு சொல்லப்போறான்’ எண்டு கத்துவன். பத்து வயசு அவனுக்கு. பக்கத்து ஊரில விழுந்த குண்டை லண்டனில இருந்து ஒருத்தர் சொல்லித்தான் நாங்கள் அறிஞ்சனாங்கள்.

அவன் இப்ப கனடாவில ரெண்டு பிள்ளையளுக்குத் தகப்பன். அதுகளுக்கு டைனமோ எண்டால் என்னெண்டு தெரியாது. நாடகம் எடுக்கிற ஆக்கள் அதைப் போடுங்கோ. குண்டு விழுறதைக் காட்டத் தேவையில்லை.


பாரிஸ் குசினி | பாரிஸ்

கரவெட்டியான், கொரியாவிலயும் முடியேல்லை. முடிஞ்சாப்பிறகு எடுப்பம் எண்டு அவை பாத்துக்கொண்டு இருக்கேல்லை.

நீங்கள் பாத்ததுக்கு முன்னோடி ஒண்டு இருக்குத் தங்கச்சி. ‘மொரேசிகே’, தமிழில சொன்னால் மணற்கடிகாரம். 1995 தை, மாசியில எஸ்பிஎஸ் போட்டது. 24 அத்தியாயம், கிழமைக்கு நாலு நாள். சிநேகிதப் பெடியள் ரெண்டு பேர். ஒருத்தன் குவாங்ஜூவில சனத்தோட நிக்கிறான். மற்றவன் கட்டாய ஆள்சேர்ப்பில ஆமிக்குப் போய் அதே ஊருக்கு அனுப்பப்படுறான். நடுவில அந்த நாளில எடுத்த உண்மையான படச்சுருளையும் சேர்த்தவை. நாடகம் ஓடுற நேரம் சியோல் றோட்டு வெறிச்சோடிப் போகுமாம். அதால ‘வீட்டுக்குப் போற மணிக்கூடு’ எண்டு பட்டம் வைச்சவை. உச்சத்தில பாத்த ஆக்கள் 60 வீதத்துக்கும் மேல.

அப்ப சுன் டு-ஹ்வான் சுதந்திரமாத் திரிஞ்ச மனிசன். அந்த வருசக் கடைசியில பிடிபட்டு, மார்கழியில தனிச்சட்டம் வந்து, 96இல மரண தண்டனை, பேந்து ஆயுள் தண்டனை, 97 மார்கழியில மன்னிப்பு. நாடகத்தாலதான் சட்டம் வந்தது எண்டு நான் சொல்ல மாட்டன். பதினைஞ்சு வருசமாத் தாய்மாரும் மாணவரும் றோட்டில நிண்டதாலதான் வந்தது. ஆனால் கோட்டுக்கு முதல் வரவேற்பறைக்குள்ள போனது நாடகம்.

இன்னொண்டு. அந்த நேரம் எஸ்பிஎஸ் சியோல் பக்கத்தில மட்டுந்தான் எடுபடும். குவாங்ஜூச் சனம் தங்கட கதையை வீடியோக் கசெற்றில எடுத்துத்தான் பாத்தது. அடி வாங்கின ஊருக்கு முதல், அந்த அடியைப் பற்றி ஒண்டும் தெரியாமல் சோறு திண்ட தலைநகரம் பாத்தது. ‘ஆர் பாப்பினம்’ எண்ட உங்கட கேள்விக்கு நான் யோசிக்கிறது இதுதான். எங்கட நாடகத்தை நாங்கள் பாத்து என்ன, எங்களுக்குத் தெரியாததோ? தெற்கில, சிங்களச் சனம் மாத்தறையில பாக்க வேணும்.


வேப்பம்பூ

அண்ணை, கசெற் கதை எனக்குத் தெரியாது.

நான் முதல் பதிவில விட்ட விசயம் ஒண்டு. முற்றுகைக்குள்ள இருந்த நாளில குவாங்ஜூச் சந்தைப் பெண்கள் பெரிய சட்டியில சோறு காய்ச்சி, உப்புப் போட்டு, உருண்டையாப் பிடிச்சு, காவல் நிண்ட பெடியளுக்குக் குடுத்தவை. இப்பவும் வைகாசி வந்தால் அங்க உருண்டை பிடிச்சு வாற போற ஆக்களுக்குக் குடுக்கினம். சின்னப் பிள்ளையளும் கையில எண்ணெய் பூசிப் பிடிக்குங்கள்.

அரிசி, தண்ணி, உப்பு. 2009 மே 18ஐ நினைச்சுக் காய்ச்சிற எங்கட முள்ளிவாய்க்கால் கஞ்சியும் அதுதானே.

1997இல இருந்து மே 18 அங்க அரச நினைவு நாள். இஞ்ச, 2024 வைகாசியில சம்பூரில கஞ்சி குடுத்த ஆக்களைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போனது. 2021 தை 8 இரவு யாழ்ப்பாணக் கம்பசில இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை இடிச்சவை, பெடியள் வாசலில இருந்து சண்டை பிடிச்சு அந்தச் சித்திரையிலயே திரும்பக் கட்டினது. ஒரே திகதி, ஒரே சாப்பாடு. அங்க ஜனாதிபதி போய்ப் பூ வைப்பார்.


சுண்டுக்குளி மழை

நான் குறும்படம் எடுக்கிற ஆள். ரெண்டு எடுத்து ரெண்டும் யூரியூப்பில கிடந்து காயுது.

சிவம் ஐயா சொன்ன டைனமோதான் சரியான இடம். எங்கட ஆக்கள் போர்க்கதை எண்டு கையில எடுத்தாலே முதல் காட்சியில பிளேன், ரெண்டாவதில பிணம், மூண்டாவதில வயலின். பாக்கிறவனுக்கு அழுறதைத் தவிர வேற வேலை இல்லை. ‘யூத் ஒஃப் மே’யில முதல் பாதி முழுக்கக் கலியாணப் பேச்சுக்கால், கடன், படிப்பு, கள்ளமாச் சந்திக்கிறது. மே 18 வருது எண்டு பாக்கிற எங்களுக்குத் தெரியும், அதுகளுக்குத் தெரியாது. அதுதான் வயித்தைப் பிசையுது.

வில்லன் விசயத்தையும் கவனியுங்கோ. கதாநாயகன்ர தகப்பனே அந்த ஊர்ப் புலனாய்வுப் பொறுப்பாளர். சாப்பாட்டு மேசையில எதிர்க் கதிரையில இருக்கிறான். எங்கட நாடகத்தில வில்லனை எங்க இருத்திறது? ஆமிச் சென்றியிலயோ, மேசையிலயோ?

95 ஐப்பசி 30 இடப்பெயர்வை எடுக்க வேணும் எண்டு எனக்குக் கன நாள் ஆசை. நாவற்குழிப் பாலத்தில லட்சக்கணக்கான சனத்தைக் காட்ட என்னட்டைக் காசில்லை. பூட்டிப்போட்டுப் போற வீட்டில நாயை என்ன செய்தவை எண்டதை மட்டும் எடுக்கலாம். அதுக்கு ஒரு வீடும் ஒரு நாயும் காணும்.


கரவெட்டியான்

மேசையில எண்டு என்ன சொல்ல வாறியள்? எங்கட ஆக்களை வில்லனாக்கோணும், ஆமிக்காரனைப் பாவமாக் காட்டோணும், அப்பத்தான் மாத்தறையில பாப்பினம். அதுதானே திட்டம்?


சுண்டுக்குளி மழை

ஆமிக்குப் போன பெடியன் பாத்திரம் அந்த ரெண்டு நாடகத்திலையும் இருக்கு எண்டுதான் சொல்லுறன் அண்ணை. அவனைக் காட்டினதால சுன் டு-ஹ்வான் நல்லவனாகேல்லை. கட்டளை போட்டவன்ர முகம் இன்னும் வடிவாத் தெரிஞ்சுது.


சந்திச் சிவம்

தம்பியவை, ஒரு வித்தியாசம் இருக்கு. அங்க அடிச்சவனும் அடி வாங்கினவனும் ஒரே பாசை. தெற்குப் பேச்சு எண்டு நக்கலடிப்பினமாம், அவ்வளவுதான். பெடியன் கெஞ்சினது அடிச்சவனுக்கு விளங்கியிருக்கும். எங்கட சென்றியில அவன் கேட்டது எங்களுக்கு விளங்காது, நாங்கள் சொன்னது அவனுக்கு விளங்காது. எத்தினை பேர் சரியான மறுமொழி தெரிஞ்சும் பாசை தெரியாமல் அடி வாங்கினவை. அந்தக் காட்சிக்குக் கீழ எழுத்துப் போடாதேங்கோ. பாக்கிறவனும் விளங்காமல் முழிக்கட்டும்.


பாரிஸ் குசினி

ஐயா, அந்த யோசினைக்கு ஒரு கும்பிடு.

இடையில ஒண்டு. எங்கட குசினியில ஆர்ஜென்ரீனாக்காரி ஒருத்தி கொஞ்ச நாள் வேலை செய்தவ. அங்க 1976 ஆமி ஆட்சியில பிடிபட்ட கர்ப்பிணிப் பெண்களைப் பிள்ளை பிறக்கும்வரை வைச்சிருந்து, பிள்ளையை வேற குடும்பங்களுக்குக் குடுத்துப்போட்டுத் தாயைக் காணாமல் ஆக்கினவை. அப்பிடி 500 பிள்ளையள் அளவில எண்டு அம்மம்மா, அப்பம்மாமார் 77இல இருந்து தேடினம். 2006இலயும் 2007இலயும் ரெலிபே எண்ட சனலில இதை வைச்சு நாடகம் போட, ‘என்னைப் பெத்தது இவைதானோ’ எண்ட சந்தேகத்தோட இளம் ஆக்கள் அந்தப் பாட்டிமாரைத் தேடி வரத் தொடங்கிச்சினம். 2025 ஆடியோட 140 பேரைக் கண்டு பிடிச்சிட்டினம். தொடர் பாத்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு அது தன்ர கதை எண்டு படுறதை யோசிச்சுப் பாருங்கோ. 2009இல வட்டுவாகலில பிள்ளையளோட ஆமியிட்டைச் சரணடைஞ்ச குடும்பங்களைப் பற்றித் தாய்மார் வன்னி றோட்டில இருந்து இண்டைக்கும் கேட்டுக்கொண்டிருக்கினம்.


சோனகதெருப் பெடியன் | புத்தளம்

இந்த இழையை மூண்டு நாளா வாசிச்சுக்கொண்டு இருக்கன். எழுதுவமோ விடுவமோ எண்டு யோசிச்சன்.

மாத்தறையில பாக்க வேணும் எண்டு சொல்லுறீங்க. சரி. எங்கட கதையை எடுத்தா நீங்க பாப்பீங்களோ?

1990 ஒக்ரோபர் 30. எனக்கு ஆறு வயசு. ஸ்பீக்கர்ல அறிவிச்சு, ஒஸ்மானியா கொலிஜ் பக்கம் வரச் சொல்லி, ரெண்டு மணித்தியாலத்தில எங்கட முஸ்லிம் சனத்தை யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னது ஆமி இல்ல, புலிகள். உம்மா அடுப்பில கறி வெச்சிருந்தா. அத இறக்கி மூடி வெச்சுட்டு வந்தாவாம், திரும்பி வந்து சாப்பிடலாம் எண்டு நெனச்சு. இப்பவும் அந்தக் கறியப் பற்றித்தான் கதைப்பா, காதில கழட்டின தோட்டைப் பற்றிக் கதைக்க மாட்டா. பக்கத்தில தமிழ் ரீச்சர் ஒருத்தர் இருந்தவ. மதில் ஓரத்தில நிண்டு அழுதாவாம். அழுததையும் உம்மா சொல்லுவா, கேற்றைத் திறக்கேல்ல எண்டதையும் சொல்லுவா.

2002இல பாதை திறந்த பிறகு வாப்பாவோட வந்து பாத்தன். கூரை இல்ல, கதவு இல்ல, உள்ளுக்க மரம். நான் பிறந்த ஊர்ல என்னை ‘எங்க இருந்து வாறியள்’ எண்டு கேட்டாங்க.

எந்தச் சியோலும் எங்களப் பாக்கேல்ல. உங்களுக்குச் சியோல் மாத்தறை எண்டா, எங்களுக்குச் சியோல் நீங்கதான்.


மட்டுறுத்துநர்

இதற்குப் பின் வந்த நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. கருத்தோடு பேசுங்கள், ஆளோடு அல்ல. இழை திறந்தே இருக்கும்.


சந்திச் சிவம்

நீக்கினதில என்ர இல்லை எண்டு சொல்லிப்போட்டுத் தொடங்கிறன்.

தம்பி, அண்டைக்கு நான் ரவுணில வேலையில நிண்டனான். தபால் பிரிக்கிற மேசை. சோனகதெரு விலாசத்துக் கடிதங்கள் ஒரு கட்டு அண்டைக்கும் வந்தது. பின்னேரம் சைக்கிளில வரேக்கை சனம் பெட்டியளோட நிக்கிறதைக் கண்டனான். பிரேக் பிடிச்சன். காலை நிலத்தில ஊண்டினன். பிறகு மிதிச்சுக்கொண்டு வந்திட்டன். வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சனான், பனங்கட்டியோட. மனிசி கேட்டவ, ரவுணில ஏதும் பிரச்சினையோ எண்டு. இல்லை எண்டனான்.

அந்தக் கடிதக் கட்டு கன நாள் றாக்கையில கிடந்தது. ‘விலாசத்தில் இல்லை’ எண்டு எழுதித் திருப்பி அனுப்ப வேணும், அதுதான் விதி. எழுதினது நான்தான்.

பிள்ளையளுக்கு டைனமோக் கதையை நூறு தரம் சொல்லியிருப்பன். இதை இண்டைக்குத்தான் எழுதிறன்.


சோனகதெருப் பெடியன்

ஐயா, வாப்பாக்கு அந்த மாசம் கொழும்பில இருந்து ஒரு காயிதம் வர இருந்தது. வந்ததோ எண்டு கேக்க ஏலாது, எனக்கு விளங்குது. சும்மா சொன்னன்.


வேப்பம்பூ

வில்லனை எங்க இருத்திறது எண்டு கேட்டனீங்கள் மழை. அந்தத் தபால் கட்டில இருந்து தொடங்கலாம்.

அதைத் தொட்டால் மற்றதுகளும் வரும். மனித உரிமை மீறலுகளைப் பற்றி எழுதின மெடிக்கல் பீட ராஜினி திராணகம ரீச்சரை 1989 புரட்டாதி 21 கம்பஸ் முடிஞ்சு சைக்கிளில வீட்டை போகேக்கை திருநெல்வேலியில சுட்டது வரும். வீட்டில இருந்து பிள்ளை பிடிச்சுக்கொண்டு போனதுகள் வரும். அம்மாவிட்டைக் கேட்டன், இப்பிடி எல்லாம் ரிவியில வந்தால் பாப்பியளோ எண்டு. ‘சத்தத்தைக் குறைச்சு வைச்சுப் பாப்பன்’ எண்டா.

குவாங்ஜூவிலயும் எல்லாம் வெளிச்சமில்லை. காணாமல் போன கன பேரை இன்னும் தேடினம். 2019 மார்கழியில பழைய சிறைச்சாலைக் காணியில எலும்புகள் கண்டவை. சுன் டு-ஹ்வான் 2021இல சாகிற வரைக்கும் மன்னிப்புக் கேக்கேல்லை. 2023இல அவற்ற பேரன் குவாங்ஜூ மயானத்துக்குப் போய், தன்ர கோட்டைக் கழட்டி அதால கல்லறையளைத் துடைச்சவர். அதை வீடியோவில பாத்தனான். நடிப்பு எண்டும் கொமென்ற் கிடக்கு. எனக்குத் தெரியாது. தாய்மார் அந்தப் பெடியனைக் கட்டிப்பிடிச்சவை.


கரவெட்டியான்

நீக்கின நாலில ரெண்டு என்ர. தம்பி, புத்தளம், உம்மாவைப் பற்றி எழுதினதுக்கு மன்னிக்கோணும்.

நான் ஏன் நாடகம் வேண்டாம் எண்டு நிக்கிறன் எண்டு சொல்லிறன். எங்கட பெரியண்ணா 96 ஆடியில ரவுணுக்கு எண்டு சைக்கிளில போனவர். எனக்கு அப்ப 14 வயசு. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும், எல்லா வீட்டிலயும் ஒரே கதைதான்.

2025 ஆவணி 5 செம்மணியில எடுத்த உடுப்புகள், பொருள்களை அடையாளம் காட்டச் சொல்லிக் கோட்டு உத்தரவில சனத்துக்குப் பரப்பி வைச்சவை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனன். எண்பத்தி மூண்டு வயசு. வெய்யில். கமராக்காரர் சுத்தி நிக்கினம். அம்மா ஒவ்வொண்டாக் குனிஞ்சு பாத்தா. ஒரு சேட்டுத் துணிக்கு முன்னால கன நேரம் நிண்டா. நான் ‘இதோ அம்மா?’ எண்டு கேட்டன். ‘இல்லை, தையல் நல்லாயிருக்கு’ எண்டா. வீட்டை வந்து கால் கழுவிப்போட்டு, அண்ணாவின்ர சேட்டுக்குப் பொத்தான் தைச்சது தானோ மூத்தக்காவோ எண்டு தனக்கு மறந்திட்டுது எண்டு சொன்னா. அதுக்குத்தான் அண்டைக்கு அழுதவ.

இதை ஒரு நடிகை செய்து காட்ட நான் இருந்து பாக்கோணுமோ?


வேப்பம்பூ

வேண்டாம் அண்ணை. பாக்க வேண்டாம்.


பாரிஸ் குசினி

நானும் ‘மாத்தறையில பாக்க வேணும்’ எண்டு லேசாச் சொல்லிப்போட்டன். பாக்கிறதுக்கு முதல் உங்கள் மாதிரி ஆக்களிட்டைக் கேக்க வேணும் போல.


சுண்டுக்குளி மழை

கரவெட்டியான் அண்ணை, நான் இதை எடுக்க மாட்டன். கேக்காமல் ஒண்டும் எடுக்க மாட்டன். ஆனால் ஒண்டு கேக்கலாமோ? அண்ணா போன சைக்கிள் என்ன சைக்கிள்?


கரவெட்டியான்

ஏன்?


சுண்டுக்குளி மழை

சும்மா. தெரிஞ்சு வைச்சிருக்க.


கரவெட்டியான்

ரலி. பச்சை. பின் மக்காட்டில அப்பா வெள்ளைப் பெயின்ற் அடிச்சவர், இருட்டில தெரியட்டும் எண்டு. டைனமோ இருந்தது. லைற் எரியாது, றேடியோவுக்கு எண்டு வயரைக் கழட்டி வைச்சிருந்தது.